அக்கா வைத்த பென்சில் புள்ளிகள்

இந்த நினைவு மலருக்கு அக்காவின் நற்குணங்களை எழுதித் தரச் சொன்னார் அக்காவின் கணவரான மச்சான். அதற்கு முன் என் குற்றத்தை எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது போடி பக்கம் சிலமலையில். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அம்மா காட்டு வேலைக்குப் போனதால் என்னைப் பார்த்துக்கொள்ள அவரை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்தோம்.

நான் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அக்கா ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்ப்பார். தடுமாறிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். மறுநாள் அந்த இடங்களைத்தான் முதலில் படிப்பார், புரிந்தால் அழித்துவிடுவார். அந்தப் புள்ளிகளைக் காட்டி அவரை நான் செய்த கேலிக்கு அளவில்லை.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னிடம் கேட்டார்.

"உங்க அக்கா மேல படிச்சாத் தேறிருமாடா?"

"அதுக்குப் பாதிப் பாடம் தெரியாதுப்பா. தெரியாத எடத்துக்கெல்லாம் அதுவே புள்ளி வச்சிருக்கு, பாருங்க" என்று புத்தகத்தையே கொண்டுவந்து விரித்தேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது, புள்ளிகள் தெரிந்தன. அடுத்த வாரமே அக்கா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். சந்தேகமான காய்களை முறத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, கடைசியில் வெளிச்சத்தில் மறுபடி பார்த்துத்தான் பிரிப்பாராம். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை விடவில்லை.

நான் ஆசிரியரானேன். தனக்கு எது புரியவில்லை என்று பிள்ளை தானே கண்டுகொள்வதுதான் கற்றலில் பெரிய படி என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அக்காவின் புள்ளிகள் என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அக்காவிடம் வாய் திறக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளைப் புள்ளி வைக்கப் பழக்கி, என் சொந்த யோசனை என்று பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

அக்கா கடைசியாக நோயில் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கியதற்கெல்லாம் தலையாட்டினேன். அவர் நகர்ந்ததும் அக்கா கேட்டார்.

"புரிஞ்சிச்சா அப்பு? எங்க, சொல்லு பாப்போம்."

எனக்கு ஒரு வரிகூடச் சொல்ல வரவில்லை.

"எனக்கும் ரெண்டு எடம் புரியல. வெரசாப் போயிக் கேட்டுட்டு வா" என்று சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோழை, சொல்லவில்லை. நான்கே நாளில் போய்விட்டார்.

கடைசிவரை பக்கத்திலிருந்த மச்சானுக்கும் அக்கா மகளுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த அக்காவின் கூட்டாளிப் பெண்களுக்கும் என் நன்றி. காரியம் முடிந்த அன்று, பெட்டியில் இருந்ததென்று மச்சான் ஒரு புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். அன்று நான் அப்பாவுக்கு விரித்துக் காட்டிய அதே எட்டாம் வகுப்புப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ரப்பரால் அழித்த தடம். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

என்னை மன்னிச்சிரு அக்கா.