குமிழில் நாலு, பெட்டியில் மூணு

ஜெகதளாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலுசாமி ஜீப் ஓட்டினார். கொழுந்து பறிக்கும் பெண்களைக் காலையில் மேல்காட்டுக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் லயத்தில் இறக்கிவிடும் வேலை. மீசை அரும்பிய நாளிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர். பிடித்ததெல்லாம் நாலு கியர் வண்டி.

அவர் ஓட்டிய ஜீப் எஞ்சின் போய் மூலையில் நின்றதும், ஆபீசில் வேறொரு வண்டியைக் காட்டினார்கள். அது தோட்டத்தின் இன்னொரு டிரைவர் ஏகநாதன் ஓட்டிச் செத்த வண்டி.

கூடலூர்ப் பக்கம் வாங்கி வந்த பழைய ஜீப் அது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கல்லறை வளைவு ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிய ஏகநாதன், முன்னால் போகாமல் பின்னால் போய்ப் பள்ளத்தில் விழுந்தார். குடிப்பழக்கம் இல்லாத மனுஷன். "பின்னால இருந்து ஏதோ புடிச்சு இழுத்திருக்குது" என்று லயம் முழுக்கப் பேச்சு.

ஓட்டமாட்டேன் என்றால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். ஓட்டினால் பன்னிரண்டு பெண்களோடு அதே வளைவில் ஏற வேண்டும். வேலுசாமி வண்டியை எடுத்துவரக் காந்தல் பட்டறைக்குப் போனார்.

பட்டறைக்குள்ளும் பனிமூட்டம் புகுந்திருந்தது. வண்டியின் நசுங்கிய உடம்பைத் தட்டி நிமிர்த்தியிருந்த மெக்கானிக் மரியஅந்தோணி ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க வேலுசாமி, இது எத்தனை கியரு வண்டிங்க?"

"கியர்க் குமிழ் மேலயே படம் போட்டிருக்குதுங்களே. நாலு."

"அதைத்தான் ஏகநாதனும் பாத்திருப்பாரு. இப்படிக் குனிஞ்சு கைய விடுங்க. பெட்டி எவ்வளவு குட்டை பாத்தீங்களா? நாலு கியருன்னா இன்னும் நீளமா வரும். இது பழைய மூணு கியருப் பெட்டி. எவனோ பெட்டிய மாத்திட்டு, பாக்க நல்லாருக்குதுன்னு அந்த நாலு கியரு குமிழையே திருகிட்டான்."

"அதனால?"

"இடது மேல தள்ளுங்க. உங்க வண்டில அது ஃபர்ஸ்ட். இதுல ரிவர்ஸ். இதோட ஃபர்ஸ்ட், இடது கீழ. சத்தத்த வெச்சும் கண்டுபிடிக்க முடியாதுங்க. ரெண்டுமே ஒரே மாதிரி ஊளையிடும்."

வேலுசாமிக்கு மூச்சு வந்தது. "அப்பப் பேயெல்லாம் ஒண்ணும் இல்லீங்களா?"

"பேய்க்கு இந்தக் குளிருல என்னங்க வேலை?" என்று சிரித்தபடி அந்தக் குமிழைக் கழற்றினார் மரியஅந்தோணி. "குமிழ மாத்தித் தர்றேன். உங்க கைய என்னால மாத்த முடியாதுங்க. பதட்டத்துல அது பழைய எடத்துக்குத்தான் போகும்."

கழற்றிய குமிழை வேலுசாமியிடம் நீட்டினார். அது கதகதப்பாக இருந்தது. மரியஅந்தோணியின் கைச்சூடுதான் என்று வேலுசாமி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்தார். கல்லறை வளைவு வருமுன் பெண்களை இறக்கிவிடுவார். அவர்கள் நடந்து வளைவைத் தாண்டிய பிறகே, தான் மட்டும் வண்டியை ஏற்றுவார்.

"பெட்ரோல் ஊத்துறது வண்டிக்கு, நடக்குறது நாங்களா?" என்று தாயம்மாள் தினமும் கேலி பேசுவாள். "ஏனுங்ணா, வேணும்னா நாங்க தள்ளிக்கூட வுடறோம். நீங்க சாஞ்சு படுத்துக்குங்க."

ஐப்பசியில் ஒரு காலை. பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. பெண்கள் மேலே போய்விட்டார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வேலுசாமி ஏறிக்கொண்டிருந்தார். பாதி வளைவில் சாலையின் குறுக்கே ஒரு காட்டெருமை நின்றது. வண்டியை நிறுத்தினார். அது அவரை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கியது.

கியர் போட்டுக் கிளட்சை விட்டார். ஜீப் ஊளையிட்டது. முன்னால் தெரிந்த சாலை விலகி விலகிப் போனது.

பிரேக்கின் மேல் ஏறி நின்றார். பின்சக்கரத்தடியில் கற்கள் பெயர்ந்து விழுந்தன. அவை எங்கேயும் போய் முட்டிய சத்தம் வரவில்லை. கைபிரேக்கை இழுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கியர் ராடு இடது மேலே இருந்தது. அங்கே தள்ளிய நினைவு அவருக்கு இல்லை.

பனி சற்று விலகியது. மேலேயிருந்து தாயம்மாளின் குரல் வந்தது. கேலி இல்லாத குரல்.

"அண்ணா, பக்கத்துல உக்காந்திருக்கறது யாருங்ணா?"

வேலுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் இந்த வளைவில் ஒருவர் சரியென்று நம்பிய இடத்துக்கே கியரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த ஒருவரிடம், இது மூணு கியர் பெட்டி என்று யாரும் சொல்லவில்லை.

"மேல இல்ல ஏகநாதா," என்றார் மெதுவாக. "இடது கீழ. இது மூணு கியருதான்."

ராடைப் பிடித்தார். அது கதகதப்பாக இருந்தது. கீழே இழுத்தார். ஜீப் ஊளையிட்டபடி முன்னால் ஏறியது.

அதற்குப் பிறகும் பெண்கள் வளைவில் இறங்கித்தான் நடந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. வேலுசாமி அந்த வண்டியை ஓட்டிய காலம் முழுக்க, அந்த ஏற்றத்தில் அதே வார்த்தையை வாய்விட்டுச் சொல்லியே கியர் போட்டார். முன்சீட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும், பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.