புருவம் கீறப் படித்த கதை

கையைக் கழுவுவதற்கும் ஒரு படிப்பா என்று கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. சிரித்த வாய்க்கு நல்ல பூசை கிடைத்தது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக் கடைக்குப் பின்னால் இருக்கும் பார்லரில் நூல் பிடித்துப் புருவம் எடுப்பதுதான் என் வேலை. வெளியே மேம்பாலத்தில் மெட்ரோ தடதடத்துப் போனாலும் என் நூல் அசையாது. பார்லர் முதலாளி அக்காவுக்குத் திடீரென்று ஒருநாள் ஞானம் பிறந்தது. இப்போது சனம் நூலுக்கு வருவதில்லையாம், ஒன்றிரண்டு வருடம் அழியாமல் நிற்கிற புருவம்தான் கேட்கிறதாம். ஊசி முனையால் தோலில் மயிர் மயிராகக் கீறி மை ஏற்றுகிற வேலை அது.

"நீ போய்ப் படிச்சுக்கொண்டு வா. புருவம் உனக்குத் தண்ணிபட்ட பாடுதானே," என்றார்.

இந்த நாட்டில் நினைத்தவுடன் ஊசியைத் தூக்கிவிட முடியாது. சுகாதாரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்காக நான் குடியிருக்கும் லா கூர்னெவிலிருந்து ட்ராம் பிடித்து சென் தெனிக்குப் போனேன். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். மற்றவர்களில் பாதிப் பேர் கழுத்து வரைக்கும் பச்சை குத்திய ஆண்கள். படிப்பித்தவள் முன்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த பிரெஞ்சுக்காரி. முதல் நாள் காலை முழுக்கக் கை கழுவுதல்தான். விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரலின் பின்பக்கம். நான் கழுவியதும் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு தலையை ஆட்டுவாள். மறுபடியும் கழுவு! கோதாரி, கலியாண வீட்டில் நூறு பேருக்குச் சமைத்த கை இது என்று சொல்ல வாய் வரும். அதற்குரிய பிரெஞ்சு வராது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கோபம் தமிழில் வருகிறது, அவளுக்கு நான் சொல்லக்கூடியதோ ஓம் அம்மா என்கிற "வுய் மதாம்" மட்டும்தான்.

கையுறை போட்டபின் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பெரிய பாடம். தலைமயிரை ஒதுக்கினால் கையுறையைக் கழற்று, கழுவு, புதிதாகப் போடு. கதிரையை இழுத்தாலும் அதே கதைதான். இரண்டாம் நாளே என் புறங்கை வெடித்துச் சிவந்துவிட்டது.

அதற்கு மேல் ஒரு மானக்கேடு. நூல் பிடிப்பவளுக்கு வாய்தான் மூன்றாவது கை. நூலின் ஒரு நுனி பல்லில், மற்றது விரல்களில், அப்படித்தான் நாங்கள் புருவம் எடுப்பது. ரப்பர்த் தோலில் கீறிப் பழகுகிற நாள். மூச்சு முட்டுகிறது என்று முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தேன். இரண்டு கையிலும் கையுறை. ஊசி இருந்த உறை வழுக்கியது. நான் யோசிக்கவேயில்லை. உறையின் மூலையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினேன்.

வகுப்பு அப்படியே நின்றது. பச்சை குத்திய ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். படிப்பித்தவள் சிரிக்கவில்லை. அந்த உறையை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டி, கிருமி நீக்கிய ஊசியை எச்சிலில் நனைத்து ஒரு மனுஷியின் இரத்தத்துக்குள் விடப்போகிறாயா என்று கேட்டாள். அன்றைய செய்முறையில் எனக்குத் தேர்ச்சி இல்லை. ட்ராமில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கடைசிப் பாடம் யாருக்குச் செய்யக்கூடாது என்பது. கர்ப்பிணிகள், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், இரத்தத்தை இளக்குகிற மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள். மருந்து ஏற்றும் உடம்புக்குக் கிருமியோடு சண்டை பிடிக்கத் தெம்பு இருக்காது, புருவத்தில் போட்ட சின்னக் காயம் ஆளையே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடும் என்றாள். "கேளுங்கள். தனியாக வைத்துக் கேளுங்கள். சொல்லுவார்கள்," என்றாள். சொல்லுவார்களாம்! எங்கள் ஆட்களை அறியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவழியாகத் தேறினேன். முதலாளி அக்கா சான்றிதழைக் கண்ணாடி போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிச் சந்தனப் பொட்டும் வைத்தார். அதோடு அவருக்குச் சுகாதாரம் முடிந்தது. ஒருமுறை பாவித்த ஊசியை நான் கழிவு ஊசிக்கான மஞ்சள் பெட்டியில் போட, "ஸ்பிரிட்டிலை ஊறப்போட்டா இன்னும் நாலு பேருக்குப் பாவிக்கலாமே!" என்று பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். தனியாக வைத்துப் பேச ஒரு மறைப்பாவது கட்டித் தாருங்கள் என்று கேட்டேன்.

"புருவத்துக்கு என்னத்துக்கு மறைப்பு? ஆர் இஞ்சை உடுப்பு மாத்தப் போகினம்?"

மறைப்பு இல்லாத அந்தப் பார்லருக்குத்தான் ஒருநாள் ஒரு அக்கா வந்தார். சென் தெனியில் இருக்கிறவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மகள் வயதுக்கு வந்ததற்கு அடுத்த வாரம் சாமத்தியவீடு, பெரிய மண்டபம், பல்லக்கு, வீடியோ எல்லாம் ஏற்பாடாம். தனக்குப் புருவம் கீற வேண்டும் என்றார். பக்கத்துக் கதிரைகளில் ஃபேஷியலுக்கு இருந்த இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"அக்கா, ஏதும் வருத்தம், மருந்து…"

"ஒண்டும் இல்லை."

"சீனி, பிரஷர்…"

"ஒண்டும் இல்லை எண்டுறன். நூல் பிடிச்சுப் பிடிச்சுத்தான் உதிர்ந்து போச்சு."

நூல் பிடித்தால் இமைமயிர் உதிராது. அவருக்கு இமையில் ஒரு மயிர்கூட இல்லை. தலைமயிர் மாத்திரம் பொம்மைக்கு வைத்ததுபோல ஒழுங்காக இருந்தது. தோலைப் பார்க்க வெளிச்சம் போதாது என்று ஒரு பொய்யைச் சொல்லி, பின்னால் நாங்கள் தேநீர் போடுகிற ஒடுக்கமான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீர் கொதிக்கக் கேத்தலைப் போட்டுவிட்டேன், அந்தச் சத்தத்தில் வெளியே கேட்காது.

நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். மார்பில் புற்றுநோய். மருந்து இன்னும் ஏற்றுகிறார்கள். புருஷனுக்கு மட்டும் தெரியும். மகளிடம் சின்ன ஒப்பரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"டொக்டரிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். மருந்து முடிஞ்சு கனமாதம் போகவேணும் எண்டுறார். சாமத்தியவீட்டை என்ன, தள்ளி வைக்கேலுமோ? மண்டபம் எடுத்தாச்சு, அழைப்புக் காட் குடுத்தாச்சு." என் கையைப் பிடித்தார். "நான் சாவுக்குப் பயப்பிடேல்லைத் தங்கச்சி. நாளைக்கு என்ரை பிள்ளைக்கு ஒரு இடத்திலை பேசினா, தாய்க்குக் கான்சராம், பரம்பரையாம் எண்டுவினம். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ? என்ரை மச்சாள் ஒருத்தி போதும். இஞ்சை சொன்னா விடியிறதுக்குள்ளை கனடாவிலை கேக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. உயிரோடு விளையாடுகிற இந்த மனுஷிமேலா, இவரை இப்படிப் பயப்படுத்தி வைத்திருக்கிற சனத்தின்மேலா, தனியாகக் கேட்டால் சொல்லுவார்கள் என்ற அந்தப் பிரெஞ்சுக்காரிமேலா? சொல்லிவிட்டார். இப்போது நான் என்ன செய்வது? அதற்கு வகுப்பில் பாடம் வைக்கவில்லையே.

"என்னாலை ஏலாது அக்கா. சத்தியமா ஏலாது," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் வீட்டில் வைத்துக் களவாகக் கீறிவிடுகிற ஒருத்தியிடம் போகிறேன் என்றார்.

"அங்கை மட்டும் போகாதேங்கோ. சாமத்தியவீட்டண்டு காலமை நான் வீட்டை வந்து பென்சிலாலை கீறிவிடுறன். கீறினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

முதலாளி அக்காவிடம், "அவவின்ரை தோல் இதுக்கு ஒத்துவராது," என்றேன். வந்த ஆளைத் திருப்பி அனுப்பியதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, உன்னைப் போய்ப் படிக்க விட்டனே!"

சாமத்தியவீட்டன்று காலை சென் தெனியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகளை உள்ளறையில் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டோம். நான் முழங்கை வரை கழுவுவதைப் பார்த்து, "பென்சிலுக்கும் இவ்வளவு கழுவவேணுமோ?" என்றார். "உங்கடை உடம்புக்கு வேணும்," என்றேன். புதிய பென்சிலை உறை பிரித்து எடுத்து, மயிர் மயிராகக் கீறி, மேலே அழியாமல் இருக்கப் பூச்சுப் பூசினேன். ரப்பர்த் தோலில் பழகியதெல்லாம் கையில் வந்தது. அவர் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "என்ரை முகம்," என்றார். அழுதால் ஒத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள் என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் நான் அழுதிருப்பேன்.

மண்டபத்தில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. முதலாளி அக்காவும் வந்திருந்தார். லா சப்பலில் கடை வைத்திருப்பவருக்கு அழைப்பு வராத விசேஷம் இல்லை. ஆலத்தி எடுத்து முடிந்து சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம். அந்த அக்காவின் மச்சாள், புருஷனின் தமக்கை, அவருடைய நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"என்னடியப்பா, புருவம் இவ்வளவு வடிவு! கீறினதோ, சொந்தமோ?"

பென்சில் என்று சொன்னால் சொந்தப் புருவம் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அந்த அக்கா தலையை நிமிர்த்தி, "ஊசியாலை செய்வித்தனான் மச்சாள். உந்தத் தங்கச்சிதான் செய்துவிட்டது," என்று என்னைக் காட்டினார். மச்சாளுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு முதலாளி அக்கா நின்றார்.

அடுத்த நாள் நான் பார்லருக்குள் போனபோது அந்த மச்சாள் முதல் கதிரையில் இருந்தார், அதேமாதிரிப் புருவம் வேண்டுமென்று விடியவே வந்துவிட்டாராம். மற்றக் கதிரைகளிலும் ஆட்கள். முதலாளி அக்கா என்னை உட்காரக்கூட விடவில்லை.

"தோல் ஒத்துவராது எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு, அவவின்ரை வீட்டை போய்ச் செய்திருக்கிறாய், என்ன? என்ரை கடைக்கு வந்த ஆளை! நான் படிப்பிச்ச படிப்பு! ஊசி மை எல்லாம் என்ரையோ?"

"பென்சில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கின் நுனியில் நின்றது. மச்சாள் கதிரையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேஷியல்காரிகள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள். வீட்டில் வைத்துக் கீறுகிறவர்களைக் கண்டால் வயிறு எரிகிறவள் நான். கை வெடிக்கக் கழுவி, எல்லோர் முன்னாலும் மானம் போய்ப் படித்தவள் நான். என்னைப் பார்த்தா அந்தக் கேள்வி?

"ஓம் அக்கா," என்றேன். "வீட்டை வைச்சுத்தான் செய்தனான்."

"அப்ப வீட்டையே வைச்சுச் செய். இனி இஞ்சை வராதை."

என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மெட்ரோப் படிக்கட்டுக்குக் கிட்டப் போகும்போது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அந்த மச்சாள், கழுத்தில் பார்லர்த் துவாயோடு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"தங்கச்சி, கவலைப்படாதேங்கோ. எனக்கும் வீட்டை வந்து செய்துவிடுங்கோ. ஒரு பயமும் இல்லாமல் செய்யலாம்," என்றார். "எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை."