எடுக்கக் கூடாத போன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அது வரும். பிளஸ் குறி போட்ட அயல்நாட்டு எண். தையல் மேஜையில் போன் நடுங்கி நகர்ந்து, வெட்டிவைத்த பட்டுத் துணியில் முட்டி நிற்கும். நான் எடுக்க மாட்டேன். எடுக்கக் கூடாது என்பது உத்தரவு.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஆப்பிரிக்கக் கரையோரம் கடற்கொள்ளையர்கள் கப்பலை ஆட்களோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து கல்யாண ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கடற்கொள்ளையன் என்றால் என்ன தெரியும்? குழந்தைகள் படத்தில் ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வருபவன், அவ்வளவுதான்.

கப்பல் கம்பெனியிலிருந்து வந்த மனிதர் காபியைத் தொடாமலே சொன்னார்: "உங்க வீட்டுக்காரரையே அழவெச்சுப் பேசவைப்பாங்க, மேடம். நீங்க பதறினா அவங்க கேக்கற பணம் ஏறிடும், ஆளுங்க வர்றது தள்ளிப்போகும். பேச்சு எங்களோட மட்டும் இருக்கட்டும்."

போனை அணைத்து வைத்திருக்கலாம். மனசு வரவில்லை. அது அடிக்கிறவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

எங்களோடு இருக்கும் மாமியாருக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. ஒருநாள் "எடும்மா, எம் புள்ளம்மா அது" என்று பாய்ந்து வந்தார். போனைப் பறித்து மார்போடு அழுத்திக்கொண்டேன். அங்கேயே அது அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றிலிருந்து அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே என்னைக் கொலைகாரி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் அது அடிக்கவே இல்லை. தைத்து மாட்டியிருந்த ஜாக்கெட்டுகள், உள்ளே ஆளில்லாமல், மின்விசிறிக் காற்றில் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. பயத்தில் வாசலுக்கு ஓடிவிட்டேன். மறுநாள் அடித்தபோது சந்தோஷத்தில் அழுதேன். அப்போதும் எடுக்கவில்லை.

மாதக்கணக்கில் இழுத்து ஒருவழியாகக் கம்பெனி பேசி முடித்தது. ஆள் பாதியாகி வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட விடாமல் மாமியார் முறையிட்டார்: "ஒரு தபா கூட எடுக்கலப்பா உம் பொண்டாட்டி."

"எடுத்தாளேம்மா. தெனமும் பேசினா."

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். "நான் என்ன பேசினேன்?" என்றேன்.

"கொஞ்சம் லைன்லயே இருங்கமா, இதோ வந்துக்கினே இருக்கேன்."

என் குரல்தான். மிஷின் ஓடும்போது போனை எடுக்கத் தாமதமானால் கல்யாண வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று, காலர் ட்யூனாக நானே பேசிப் பதிந்தது. மறந்தே போயிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அது கடலுக்கு நடுவில், ஸ்பீக்கரில், துப்பாக்கிக்காரர்களிடம் பேசியிருக்கிறது. முதலில் நான்தான் பேசுகிறேன் என்று நினைத்து அதைத் திட்டித் தீர்த்தார்களாம். விஷயம் புரிந்த பிறகும் காவல்காரன் ஒருவன் மட்டும் தினமும் போட்டுக் கேட்பானாம்.

"அவன் மீன் பிடிச்சவன். வெளிநாட்டுப் பெரிய போட்டுங்க வந்து கடலையே வழிச்சிக்கினு பூட்டாங்களாம். போய்க் கேக்க அங்க கவர்மெண்டு இல்ல. அந்தப் போட்டுங்கள விரட்டத்தான் மொதல்ல துப்பாக்கி எடுத்தாங்க. அப்புறம் கரையில ஒரு காசுக்காரன் படகும் இஞ்சினும் குடுத்து, கப்பலப் புடின்னான். பெரும் பங்கு அவனுக்குத்தான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களக் கட்டிப்போட்டவனுக்கு வக்காலத்தா?"

"வக்காலத்து இல்ல. கப்பல சுத்தி முள்கம்பி போடட்டும், நேவி நிக்கட்டும், வேணாம்னு சொல்லல. நேவி வேற பக்கம் திரும்பினதும் வந்துட்டாங்களே. கரையில இருக்கறவன யாரும் புடிக்கல. மீனும் திரும்பி வரல."

அவர் இன்னொன்றும் சொன்னார். கைதிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது அந்தக் காவல்காரன் என் வார்த்தைகளையே சொல்வானாம். அர்த்தம் தெரியாமல், என் இழுப்போடு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்கே அந்த ட்யூனை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அதே பிளஸ் குறி, அதே எண். மாமியாரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எடுக்கட்டுமா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ எடுக்கணும்னு அவன் போடல."

அது அடித்து ஓயும்வரை யாரும் சோற்றைத் தொடவில்லை.