நூறு மதிப்பெண் காலை உணவு

தட்டில் பொரித்த மாவுக்குச்சி ஒன்று, அதன் பக்கத்தில் அவித்த முட்டை இரண்டு. தேர்வு நாளில் கடைக்காரி நியே ஷியூச்சின் வேறெதுவும் விற்பதில்லை. பிள்ளைகள் நூறு என்ற எண்ணை அப்படியே விழுங்கிவிட்டு உள்ளே போகலாம்.

"கணக்குக்கு நூத்தம்பது மார்க்காச்சே அக்கா," என்றாள் ஒரு தாய்.

"மீதி அம்பதையாவது உம் பையன் எழுதட்டும்."

லூச்சியாவ் நகரத்து முதலாம் எண் மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே அவள் கடை. சோங் மன்னர் காலத்துக் கல்விக்கூடத்தின் வாரிசு தான் என்று பள்ளியின் பலகை ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசும். அத்தாட்சியாகக் கழிவறைக்குப் பின்னால் அரைச் சுவர் ஒன்று நிற்கிறது. ஷியூச்சினின் பலகையோ, மாகாணத்தில் முதலிடம் பிடித்த மாணவன் தினமும் சாப்பிட்ட கடை என்கிறது. அந்தப் பையன் கடைசிவரை வீட்டுக் கஞ்சிதான் குடித்தான். இரண்டு பலகைகளும் எதிரெதிரே நிற்கின்றன. இதுவரை சச்சரவு இல்லை.

இந்த வசந்தத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. பள்ளி ஆற்றுக்கு அப்பால் புது நகருக்குப் போகிறதாம். போனால், பிள்ளைகளுக்காக இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் தாய்மார்களும் போவார்கள். பிறகு கடையில் யார் சாப்பிடுவது? பள்ளி வாசலில் நிற்கும் நிறுவனர் சிலையின் காலணி, பெற்றோர் வேண்டிக்கொண்டு தடவித் தடவிப் பளபளக்கிறது. அவளும் தடவினாள்.

"ஐயா, பள்ளிக்கூடம் இங்கயே இருக்கட்டும். அந்தப் பொய்ப் பலகைய எறக்கிடறேன்."

பள்ளிக் காவலாளி தாவ் காதில் அது விழுந்துவிட்டது.

பள்ளி ஒட்டும் அறிவிப்பை நம்புகிறவள் அல்ல அவள். துணைத் தலைமையாசிரியருக்குப் பின்தெருவில் வீடு. பள்ளி நகர்ந்தால் அதன் விலை பாதியாகிவிடும். விற்கிறார்களா என்று பார்க்க, சோயாப் பாலைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் ஆட்கள் புத்தம்புதுக் குளியல் தொட்டி ஒன்றை மூச்சிரைக்க ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துப்பா, சாகிற வரைக்கும் இதுலதான் குளிக்கப்போறேன்," என்றாள் துணைத் தலைமையாசிரியரின் மனைவி.

ஷியூச்சினுக்குப் போன உயிர் வந்தது. கொண்டுபோன பாலைப் படியிலேயே நின்று தானே குடித்தாள்.

மறுநாள் தாவ் கடைக்கு வந்தார். "சிலைக்கு ஏதோ வாக்குக் குடுத்தியே?"

"அதுக்குத்தான் ஏறறேன்ணே."

முக்காலி போட்டு ஏறினாள். ஈரத்துணியால் பலகையின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள். கோணியிருந்த மூலையை நிமிர்த்தி, இன்னொரு ஆணி அடித்துவிட்டு இறங்கினாள்.