பாதி வழியில் கை மாறிய கேரியர்

எட்டு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ஸ்டேஷன். அவ்வளவுதான் ஊர். எஞ்சினுக்குத் தாகமெடுத்த இடத்தில் ரயில்வே கிணறு வெட்டியது. கிணற்றுக்குத் துணையாக மனிதர்களைக் குடிவைத்தது. அந்த ஊர்க் குழந்தைகள் தாலாட்டுக்கு மசியாது. கூட்ஸ் வண்டி போய்த் தொட்டில் தானாக ஆடினால்தான் தூங்கும். பொய்யென்றால் தொட்டிலைக் கேளுங்கள்.

நாலாம் வீட்டுக்காரியின் கணவர் கீமேன். தினமும் சுத்தியலோடு, தண்டவாளத்தில் தளர்ந்த பிடிகளை அடித்து இறுக்கிக்கொண்டே நாலு மைல் நடப்பார். அடுத்த ஸ்டேஷன் கீமேன் எதிரே நாலு மைல் வருவார். பாதி வழியில் ஒரு மரத்தடியில் இருவரும் டிபன் கேரியரை மாற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒரு வாய் மீதி வைத்து அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இரண்டு வீட்டுக்காரிகளின் உத்தரவு.

இருபது வருஷமாக இப்படி. அந்த அடுத்த ஸ்டேஷன் வீட்டுக்காரியை இவள் பார்த்ததேயில்லை; ஆனால் மனசு அத்துப்படி. காரம் ஏறினால் புருஷனோடு சண்டை. இவள் கூடுதலாக ஒரு முட்டை வைத்தனுப்பினால், "விட்டுத் தள்ளுடி" என்று அர்த்தம்.

ஒரு வாரம் அந்த மீதி வாயில் உப்பே இல்லை. பிறகு உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"என்னங்க, இது அவ கை இல்லை. அவ புருஷனே கிண்டினது. எழுந்திருக்க முடிஞ்சா இதை அவ வாசல் தாண்ட விடுவாளா?"

"அவ உடம்பைப் பத்தி அவன் வாயே திறக்கலையே. நாளையிலேர்ந்து அவங்கவங்க சோறு அவங்கவங்களுக்குன்னுட்டான்."

மறுநாள் காலை அவளும் கேரியரோடு கிளம்பி நின்றாள்.

"சாயங்கால ரயில்ல போலாமேடி."

"அதுவரைக்கும் உங்க சிநேகிதர் சமையலைத் தின்னா அவ பிழைப்பாளா?"

எட்டு மைலும் ஸ்லீப்பர் கட்டைமேல் நடை. "காலடிக்கு ஒத்துவராம இந்தக் கட்டையைப் போட்டவன் பெண்டாட்டியைக் கூட்டிட்டு நடந்தவனே இல்லை" என்று வழிநெடுகத் திட்டினாள்.

கட்டிலில் சுருண்டு கிடந்தது ஒரு கைப்பிடி உடம்பு. அத்தனை காரமும் இதிலிருந்தா வந்தது! கேரியரைத் திறந்து ஒரு வாய் ஊட்டினாள். மற்றவள் கண்மூடி மெதுவாக மென்றாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி. நாலாம் வீட்டுக்காரி, வந்துட்டியா?"

"எட்டு மைல் நடந்து வந்தவகிட்ட குத்தமா சொல்றே?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வாயை எடுத்தாள்.

அங்கேயே தங்கிவிட்டாள். பன்னிரண்டாம் நாள் மரத்தடியில் அடுத்த ஸ்டேஷன் கேரியரைத் திறந்தால், அந்த வீட்டுக்காரியின் பழைய கைக்காரம், நெடியே தும்ம வைத்தது. இரண்டு கீமேன்களும் ஆளுக்கொரு வாய் தின்றுவிட்டு அழுதார்கள். காரம்தான் காரணமென்று கடைசிவரை சாதித்தார்கள்.