பனியன் கம்பெனிக் குதிரை

குதிரை வியர்வையும் புதுப் பனியன் துணியின் சாய வாடையும் கலந்து ஒரு மணம் வருமே, அதை அறிந்த மூக்குகள் உலகத்தில் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அருள்புரத்தில் என் மாமாவின் பனியன் கம்பெனியில் எனக்கு அது வாய்த்தது. கழிவுத் துணியை நாங்கள் ‘வேஸ்ட்’ என்போம். அந்த வேஸ்ட்டால்தான் அப்பா குதிரையைத் துடைப்பார்.

அப்பா பட்டாளத்திலிருந்து நின்று வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எல்லையில் பார்த்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம், கட்டிலில் கண்ணயர்ந்திருந்தவரைப் பின்னாலிருந்து போய்த் தொட்டேன். எழுந்த வேகத்தில் என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டார். அடி பலமில்லை. ஆனால் அதன்பிறகு என்னைத் தொடுவதையே அவர் விட்டுவிட்டார். சோற்றுத் தட்டைக்கூடக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொல்வார். அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பட்டாளத்துக்காரர் என்றால் எங்கள் பக்கம் உடனே கம்பெனி கேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். மாமாவும் பாசத்தோடுதான் உட்காரவைத்தார். கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமும்போதெல்லாம் அப்பாவின் கை நடுங்கும். ஆர்டர் அவசரத்தில் அதை யார் கவனித்தார்கள்? போதாக்குறைக்கு, ரேக்ளாப் பந்தய ஆசையில் மாமா ஒரு மட்டக்குதிரையை வாங்கிவந்து, நிழலிருக்கிறதே என்று ஜெனரேட்டர் கொட்டகையிலேயே கட்டினார். இப்படியொரு யோசனை பனியன் கம்பெனிக்காரருக்குத்தான் வரும்.

அன்று சாயங்காலமே கரண்ட் போனது. ஜெனரேட்டர் சத்தத்தில் மிரண்ட குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு உதைத்தது. பிடிக்கப் போன மாமா தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவந்தார். கேட்டிலிருந்து அப்பா எழுந்து வந்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தூரத்திலிருந்தே, “வாரேன் சாமி, வாரேன்,” என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டே, அதன் கண்ணுக்குத் தெரியும் பக்கமாகப் போய்க் கழுத்தில் கை வைத்தார். யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். குதிரைக்கும் அப்பாவுக்கும் மூச்சு அடங்க நேரமாயிற்று.

“கண்ணுக்குத் தெரியாம பொறவால போகாதீங்க மாப்ள,” என்றார் மாமாவிடம். “குரல் குடுத்துட்டுப் போனா ஒண்ணும் பண்ணாதுங்க. அது பயந்துக்குது, அவ்வளவுதான்.”

“சரிங்க மச்சான், இனி அது உங்க பொறுப்புங்க,” என்று மாமா பந்தய ஆசையைக் கைகழுவி, குதிரையை வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொன்னார்.

இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். மறுநாள் காலை மரத்தடியில் குதிரையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம், எட்ட நின்றே, “அப்பா, நான் வாரனுங்க,” என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, “வா கண்ணு,” என்றார். ஒரு துண்டு வேஸ்ட்டைக் கொடுத்து, என் கைமேல் தம் கையை வைத்து, குதிரையின் கழுத்தை எப்படித் தேய்ப்பது என்று காட்டித்தந்தார். அப்பா அழுதார், எனக்கும் அழுகை வந்தது. குதிரை பாட்டுக்குக் கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

பட்டாளத்தில் இருந்தவர்களுக்குக் குதிரைகளை வைத்தே வைத்தியம் பார்க்கும் இடங்கள் இப்போது இருக்கின்றனவாம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது; வாங்கியது பந்தயத்துக்கு, கிடைத்தது இது.

இன்று குதிரை இல்லை, வேப்பமரமும் இல்லை. அந்த இடத்தில் அயர்ன் மேசைகள் நிற்கின்றன. அப்பா என்னோடுதான் இருக்கிறார். என் மகள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்து அவர் முதுகில் தொற்றிக்கொள்கிறாள். ஒரு கணம் அவர் உடம்பு இன்னும் விறைக்கத்தான் செய்கிறது. அப்புறம் தோளைத் தாழ்த்தி அவளுக்கு இடம் கொடுக்கிறார். தாத்தாவைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.