நம்ம ரொட்டி

எங்கள் அத்தைக்கு ரொட்டி சுடத் தெரியாது. இதை எழுதினதற்காக அவர் என்னோடு சண்டைக்கு வருவார், வரட்டும். கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்த அப்பாவின் தங்கச்சி அவர். நுவரெலியாவில் ஒரு துணிக்கடையில் நின்ற மனுஷி. சேலையை ஒரு உதறு உதறி விரித்தாரென்றால் வாங்க வராதவர்களும் நின்று பார்ப்பார்கள். ஆனால் அடுப்படிப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார். அப்படிப்பட்ட அத்தையைத்தான், தோட்டத்து ஆட்களின் ரொட்டியைத் தோட்டத்து முறைப்படியே சுடுகிற பெண் என்று வெள்ளைக்காரர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். எங்கள் தோட்டம் உடப்புசல்லாவைப் பக்கம். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா குவைத்தில், ஒரு பெரிய வீட்டில் சமையல்காரி. நான் ரொம்பச் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் தெரியும், பேசப் பேச அப்படியே உறைந்து நின்றுவிடும். அம்மாவின் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் பார்த்து, அத்தை நின்ற துணிக்கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் பேச்சு சுருக்கமாக முடிந்தது. அத்தைக்கு ஒரு நிரந்தர வேலை கிடைத்தால் அம்மா வந்துவிடுவார். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான். அதிலிருந்து நான் படுக்கப்போகும்போதெல்லாம் மாதாவிடம் அத்தைக்கு வேலை கேட்டேன்.

பழைய துரை பங்களாவை அந்தச் சமயம் உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு இளம் மேனேஜர் வந்தார். விருந்தாளிகளிடம் இங்கிலீஷ், சமையல்காரரிடம் சிங்களம், எங்களிடம் தமிழ் என்று பேசுவார். அவர் எந்த ஆள் என்று எங்களுக்குக் கடைசிவரைக்கும் பிடிபடவே இல்லை. வருகிற வெள்ளைக்காரர்களுக்கு மத்தியானத்தில் தோட்டத்து ரொட்டியும், காய்ந்த மிளகாய் இடித்துச் செய்கிற கட்டசம்பலும் கொடுக்கப்போவதாகவும், அதைச் சுட ஒரு தோட்டத்துப் பெண் வேண்டும் என்றும் சொல்லி அவர் ஆள் தேடினார்.

இதில்தான் எனக்கு முதல் குழப்பம். ரொட்டி சுட அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார். பங்களாச் சமையல்காரரை நாங்கள் அப்பு என்போம். வலப்பனைச் சிங்களவர். தமிழை எங்களைப் போலவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். அம்மா குவைத்துக்குப் போவதற்கு முன்னால் பங்களா அடுப்படியில் அவருக்குக் கையாளாக இருந்தாராம். அப்பு அம்மாவுக்குக் கோழி ரோஸ்ட்டும் புடிங்கும் பழக்கினார். அம்மா அவருக்கு ரொட்டி பழக்கினார். அந்தப் புடிங்கைச் சொல்லித்தான் அம்மாவுக்குக் குவைத்தில் சமையல்காரி வேலையே கிடைத்தது. அந்த ரொட்டியைத்தான் நான் பள்ளிக்கூடம் போகிற வழியில், பங்களாவின் பின்கதவில் தினமும் வாங்கித் தின்று வளர்ந்தேன். மாவைச் சுடுதண்ணியில் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைப்பார். தேங்காய்ப்பூவைக் கடைசியில்தான் சேர்ப்பார். தகரத்தில் வெந்ததும் எடுத்து, தணலோரமாக நிமிர்த்திச் சாய்த்து வைப்பார். ஓரமெல்லாம் மொறுமொறு என்று வரும். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன்னே முடிந்துவிடும்.

ஆனால் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழாள் சாப்பாட்டைச் சிங்கள ஆள் சுட்டால் வெள்ளைக்காரன் எப்படி அசல் என்று நம்புவான் என்று கேட்டாராம். அப்புவே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்.

"நங்கி, நீ வந்து நில்லு. சுடறது நான்," என்று அத்தையிடம் சொன்னார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"எனக்கு மாவே பெசையத் தெரியாதே அண்ணே!"

"ஒன்ன யாரு பெசையச் சொன்னா? சிரிச்சிக்கிட்டு நில்லு, போதும். புள்ளையோட அம்மா வர வேணாமா?"

வெள்ளைக்காரர்கள் வந்த அன்றைக்கு அத்தையை ஜோடித்த கூத்தைச் சொல்லவேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற பழக்கம் இல்லை. மேனேஜர் பெரிய சிவப்புப் பொட்டு வைக்கச் சொன்னார். அத்தை கழுத்தில் இருந்த செபமாலையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டார். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் மாதிரி இடுப்பில் படங்குச் சாக்கு கட்டச் சொன்னார்கள். கொழுந்தே பறித்திராத அத்தைக்கு அதைக் கட்டத் தெரியவில்லை, பக்கத்து வீட்டு அக்கா வந்து சிரித்துச் சிரித்துக் கட்டிவிட்டார். அதோடு விட்டார்களா? முதுகில் கொழுந்துக் கூடையையும் மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டுமாம். கூடையோடு ரொட்டி சுடுகிறவளை எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. நான் அத்தையைப் பார்த்து, யார் வீட்டு ஆளோ என்று முழித்துக்கொண்டிருந்தேன்.

பங்களாத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, புதுசாக மண் அடுப்பு கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால்தான் உண்மையான அடுப்படி. இடையில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அப்பு உள்ளே சுட்டு ஜன்னல் வழியாகத் தருவார், அத்தை அதை வாங்கித் தகரத்தில் ஒரு புரட்டுப் புரட்டித் தட்டில் வைப்பார். இதுதான் ஏற்பாடு. நான் அப்புவோடு உள்ளே நின்று, ஒரு பெட்டி மேல் ஏறி ஜன்னலால் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து அடுப்பருகே வந்தார். மாவிலிருந்து ஒன்று சுட்டுக் காட்ட முடியுமா என்று கேட்கிறார் என்று மேனேஜர் சொன்னார். அத்தை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பொட்டுக்கு மேலே வேர்த்துக் கொட்டியது. அப்பு சுவருக்குப் பின்னாலிருந்து, "தட்டு நங்கி, மெதுவா தட்டு," என்று கிசுகிசுத்தார். அத்தை துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி மாவை ஒரே அழுத்தாக அழுத்தினார். அது நடுவில் கிழிந்தது. கிழிந்ததை ஒட்டித் தகரத்தில் போட்டார். ஒரு பக்கம் கரியானது, மறுபக்கம் பச்சை மாவு. புரட்டுகிற நேரத்தில் கூடை சரிந்து தோளில் இடித்தது. ஐயோ மாதாவே, இனி எங்கம்மா வந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளைக்கார அம்மா கரிந்த ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். கண்ணை மூடினார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னார். மற்றவர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் ஓடி வந்து அத்தையிடம், "இதுதான் அசல் ருசின்னு சொல்றாங்க! பரம்பரை பரம்பரையா வந்த கைன்னு சொல்றாங்க!" என்றார். தட்டில் இருந்த அப்புவின் ரொட்டியைக் காட்டி, இவை கொஞ்சம் ஹோட்டல் ரொட்டி மாதிரி இருக்கின்றன, இப்படிச் சுட வேண்டாம் என்றும் அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

அப்புவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். தகரத்தைத் துணியால் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கார அம்மா ஜன்னலுக்குள் தலையை நீட்டி, நீங்கள் யார் என்று அவரைக் கேட்டுவிட்டார். அத்தை கூடையோடு விறைத்துப்போனார். அப்பு பதில் சொன்னார். அதில் விறகு, நெருப்பு என்ற இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்கு விளங்கின. நான் அடுப்புக்கு விறகு வைக்கிறவன் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. சந்தோஷமும்தான். "அப்பு, எங்கம்மா வந்துரும்!" என்று பெட்டி மேலிருந்து குதித்தேன்.

"ஹொந்தாய் தூவே," நல்லது மகளே, என்றார். மீந்த ரொட்டி ஒன்றில் சம்பலைத் தடவி என் கையில் கொடுத்தார். அசல் என்று எல்லாரும் கொண்டாடியது அந்தக் கரிந்த ரொட்டியைத்தான். அப்படியென்றால் நான் இத்தனை நாளும் தின்றது என்ன ரொட்டி? கேட்க நினைத்தேன், வாய் நிறைய ரொட்டி இருந்ததால் கேட்கவில்லை.

அத்தைக்கு வேலை நிரந்தரமானது. கூடவே ஒரு சட்டமும் வந்தது. விருந்தாளிகள் இருக்கும்போது அப்பு அடுப்படியை விட்டு வெளியே வரக்கூடாது. ஜன்னலுக்கு ஒரு திரையும் போட்டார்கள். ரொட்டி மட்டும் பழையபடி திரைக்குப் பின்னாலிருந்து வந்தது, விருந்தாளிகள் ஆசைப்பட்ட மாதிரி கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் கரியாக.

வெள்ளிக்கிழமை போனில் எல்லாவற்றையும் அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவின் முகம் சிரிக்காமல் நின்றது. போன்தான் உறைந்துவிட்டது என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

"கேக்குதுடி," என்றார் அம்மா. "இங்கயும் அப்படித்தான். விருந்துன்னா நான் ஹாலுக்கு வரக்கூடாது. மேடம், தானே சமைச்சதா சொல்லிக்கும். போன வாரம் மேடத்தோட அம்மா சாப்புட்டுட்டு, நம்ம ஊரு ருசி மாறவே இல்லன்னு அழுதுருச்சு."

அரபிக்காரர்களின் ஊர் ருசி அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா போனை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன்னால் அம்மா வந்து சேர்ந்தார். வெளுத்துப்போய், நான் போனில் பார்த்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தார். மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து எனக்காக ரொட்டி சுட்டார். அப்பாவையும் அத்தையையும் அடுப்புப் பக்கமே விடவில்லை. மாவில் பாலை ஊற்றிப் பிசைந்திருந்தார். ரொட்டி மெல்லிசாக, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. தணலோரம் சாய்த்து வைக்கவில்லை. குவைத் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தனை வருடமும் சுட்டுச் சுட்டுக் கை அப்படிப் பழகிவிட்டது போல. நான் தின்கிறதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நம்ம ரொட்டி மாதிரி இல்லம்மா," என்றேன்.

அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். அம்மா கோபப்படவில்லை. "நம்ம ரொட்டி எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

காட்டுகிறேன் என்று பங்களாவுக்கு ஓடினேன். அப்புவிடம் அம்மாவுக்கு என்று சொல்லி ஒன்று வாங்கி, சூடு ஆறுவதற்குள் ஓடி வந்தேன். கோணல் இல்லை, கரி இல்லை, வட்டமான ரொட்டி. அம்மா அதன் ஓரத்தைப் பிட்டார். மோந்து பார்த்தார். சம்பலைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார்.

"இது நான் சுட்டதுடி," என்றார்.

"இல்லம்மா, அப்பு சுட்டது. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

"நான் சுட்டது," என்றார் மறுபடியும்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போதுதான் வாங்கி வந்தேன், காகிதம்கூடச் சுடுகிறது, அம்மா ஏன் இப்படிப் பொய் சொல்கிறார் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி குடித்தார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கட்டசம்பல் காரம் போலிருக்கிறது, அரபிச் சாப்பாடு தின்ற வாய் தாங்கவில்லை என்று நினைத்து, உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன்.